எட்டு ஆண்டும் இரண்டு ஆண்டும்

நம் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் இருவேறு பேச்சுக்களைக் கேட்கிறோம். கடை வைத்திருக்கும் மூத்தவர் இரவு கடையடைத்து வந்து சோற்றுக்கு அமர்ந்ததும், "இக்காலத்துப் பையன்களுக்கு விசுவாசமே இல்லை. சொன்னதைச் செய்கிறான், சொல்லாததை ஏறிட்டும் பார்ப்பதில்லை" என்கிறார். கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய தம்பியோ, "அவர்கள் கொடுக்கிற சம்பளத்துக்கு இது போதும்" என்கிறார். இருவரும் ஒரே ஸஹனில் கைவைத்து உண்பவர்கள். அண்ணன் தம் கடைப் பையனிடம் எதைக் கேட்கிறாரோ, அதையேதான் தம்பி தம் முதலாளிக்குக் கொடுக்க மறுக்கிறார். இதனை இருவருமே கவனிப்பதில்லை.

கை வேலை செய்கிறது. கல்பு அதில் இல்லை. இதுதான் வழக்கு. கூலி கொடுப்பவருக்குக் கையைக் கேட்கும் ஹக் உண்டு. கல்பையும் கேட்கும் ஹக் உண்டா? கொடுத்த கூலிக்குக் கணக்காக வேலை செய்துவிட்டு, அதற்குமேல் ஒரு துரும்பையும் அசைக்காத தொழிலாளி அல்லாஹ்விடத்தில் குற்றவாளியா? அவன் மனம் விலகிப்போனதில் முதலாளிக்குப் பங்கு உண்டா? இது கடைக்காரர்களுக்கு மட்டுமான கேள்வியன்று. வீட்டில் பாத்திரம் கழுவும் பெண்மணிக்கு நாம் முதலாளி. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கும், பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாருக்கும் ஜமாஅத்தார் என்ற முறையில் நாம்தான் முதலாளி. ஆகவே இதனைச் சற்று நிதானமாகவே ஆராய்தல் நலம்.

திருக்குர்ஆனில் சூரத்துல் கஸஸ் என்னும் 28ஆம் அத்தியாயத்தில், ஒரு முதலாளியும் ஒரு தொழிலாளியும் உடன்படிக்கை செய்துகொண்ட வரலாறு வருகிறது. மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறி மத்யன் நகரின் நீர்த்துறையை அடைகிறார்கள். இடையர்கள் தம் கால்நடைகளுக்கு நீர் புகட்டிக்கொண்டிருக்க, இரண்டு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்து நிறுத்தியபடி ஒதுங்கி நிற்கிறார்கள். மூஸா (அலை) அவர்கள் அந்த ஆடுகளுக்கு நீர் இறைத்துப் புகட்டிவிட்டு, கூலி ஏதும் கேளாமல் நிழலில் போய் அமர்ந்து தம் தேவையை இறைவனிடம் மட்டும் முறையிடுகிறார்கள். இதனை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இதற்குப் பின் வருவதை ஒரு வேலை ஒப்பந்தமாக நாம் படித்ததில்லை.

அப்பெண்களின் தந்தையார் என்ன செய்தார்? (அவர் ஷுஐப் நபி (அலை) அவர்களே என்று பலரும் கூறுவர், திருமறை பெயரைச் சொல்லவில்லை.) முதற்காரியமாக, தம் ஆடுகளுக்கு நீர் புகட்டியதற்குக் கூலி தருவதற்காக மகளை அனுப்பி மூஸா (அலை) அவர்களை அழைத்தார். யாரும் பேசி வைக்காத, யாரும் கேட்காத வேலை அது. 'தானாகச் செய்தான், நல்ல பிள்ளை' என்று சும்மா இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. இரண்டாவதாக, வந்தவரின் வரலாற்றை முழுதும் கேட்டார். 'உனக்கு என்ன தெரியும், எவ்வளவு கேட்கிறாய்' என்று தொடங்கவில்லை. கேட்டபின் அவர் வாயிலிருந்து வந்த முதற்சொல், அஞ்ச வேண்டாம் என்பது. ஃபிர்அவ்னின் ஆட்களைக் குறித்துச் சொன்ன ஆறுதல்தான் அது. ஆயினும் அச்சத்தோடு வந்த ஒருவரை வேலைக்கு அமர்த்துமுன் அவரது அச்சத்தைப் போக்கினார் என்பதும் உண்மை.

அதன் பிறகே வேலைப் பேச்சு. வலிமையும் நம்பகமும் உள்ளவரே கூலிக்கு அமர்த்தச் சிறந்தவர் என்று மகள் எடுத்துச் சொல்கிறார். தம் மகள்களில் ஒருவரை மணமுடித்துத் தருவதாகவும், அதற்கு ஈடாக எட்டு ஆண்டுகள் தமக்கு வேலை செய்ய வேண்டும் என்றும் தந்தையார் கூறுகிறார். இவ்வுரையாடலின் உயிர்நாடி அடுத்து வருகிறது. பத்தாக நிறைவு செய்தால் அது உம்மிடமிருந்து வருவது. உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை. இன்ஷா அல்லாஹ் என்னை நல்லவர்களில் ஒருவராகக் காண்பீர் என்னும் கருத்துப்பட அவர் பேசுகிறார். மூஸா (அலை) அவர்களும், இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது குற்றம் சுமத்தலாகாது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள்.

எட்டு ஆண்டு கடமை. இரண்டு ஆண்டு உபகாரம். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தவர் தொழிலாளியல்லர், முதலாளி! தமக்கு ஆதாயமான அந்த இரண்டு ஆண்டுகளை அவர் தம் ஹக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. அது உம்முடையது, விரும்பினால் தரலாம் என்று கையெடுத்துவிட்டார். பிறகு என்ன நடந்தது? மூஸா (அலை) அவர்கள் எந்தத் தவணையை நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, இரண்டில் அதிகமானதையும் சிறந்ததையும்தான் என்று விடையளித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. கேளாமல் விட்டவருக்கு முழுமையாகக் கிடைத்தது.

இந்த இரண்டு ஆண்டுகளைத்தான் இன்று உலகம் முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மேனாட்டார் இதற்குப் 'பணி ஈடுபாடு' என்று ஒரு பெயரிட்டு, கம்பெனிதோறும் 'மனிதவளத் துறை' என்று ஒன்றை அமைத்து, இதனை வரவழைப்பது எப்படி என்று ஆராய்கிறார்கள். கேலப் என்னும் அமெரிக்க நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வேலை செய்வோருள் 2024ஆம் ஆண்டில் மனம் ஒன்றி வேலை செய்தவர்கள் நூற்றுக்கு 21 பேரே. ஏறத்தாழ ஐவரில் ஒருவர்! மற்ற நால்வரும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியுமா?

கூலியை உயர்த்தினால் மனம் வந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு மோட்டார் கார்களைச் செய்தபோது, 1913ஆம் ஆண்டில் அவரது தொழிற்சாலையில் ஆட்கள் நிற்கவில்லை. ஏறத்தாழ 14,000 பேர் வேலை செய்யும் இடத்தை நிரப்ப அவ்வாண்டில் 50,000 பேருக்குமேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. நாள் முழுதும் ஒரே இடத்தில் நின்று ஒரே திருகாணியை முடுக்கும் வேலையை மனிதர்கள் வெறுத்து ஓடினார்கள். 1914 ஜனவரியில் அவர் நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேர வேலை, 5 டாலர் வரை கூலி என்று அறிவித்தார். முந்தியதைப்போல் இரு மடங்குக்கு மேல். ஓட்டம் நின்றது; வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. கூலியை நாம் இழிவாகப் பேசலாகாது என்பதற்கு இது சான்று. பசித்தவனிடம் பற்றைப் பற்றிப் பேசுவது மார்க்கமன்று.

ஆயின் அந்த 5 டாலருக்கு ஒரு வால் இருந்தது. தொழிலாளி குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறானா என்று அறிய கம்பெனி ஆட்கள் அவன் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். தகுதியுள்ளவன் என்று அவர்கள் எழுதினால்தான் முழுத் தொகை. குடியை ஒழிப்பதும் சேமிப்பதும் நல்லவைதானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் கூலியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுக்களையை எட்டிப் பார்க்கும் முதலாளியைத் தொழிலாளி நேசிப்பானா? அவர் வாங்கியது எட்டு மணி நேரத்தை. உளவு பார்த்துப் பெற்ற ஒழுக்கத்தை மனத்தின் ஈடுபாடு என்று கூற நமக்கு வாய் வரவில்லை.

1990ஆம் ஆண்டில் வில்லியம் கான் என்ற பேராசிரியர், கோடைக்கால முகாம் ஒன்றில் சிறுவர்களைக் கவனித்துக்கொண்டவர்களிடமும் கட்டடக் கலைஞர்களின் அலுவலகம் ஒன்றிலும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவன் தன்னை வேலையில் முழுதாக ஈடுபடுத்த மூன்று வேண்டும் என்றார்: செய்வதில் பொருள் இருக்க வேண்டும், மனத்தில் உள்ளதைக் காட்டினால் தீங்கு வராது என்ற பத்திரம் வேண்டும், உடலிலும் உள்ளத்திலும் அதற்கான தெம்பு மிச்சமிருக்க வேண்டும். இதைப் படித்தபோது நமக்கு மத்யன் பெரியவரே நினைவுக்கு வந்தார். கேளாத உழைப்புக்கும் கூலி கொடுத்ததில் அவ்வுழைப்புக்குப் பொருள் உண்டாயிற்று. அஞ்ச வேண்டாம் என்றதில் பத்திரம் உண்டாயிற்று. சிரமம் தரமாட்டேன் என்றதில் தெம்பு காக்கப்பட்டது. இதனால் திருமறை மேனாட்டாரின் ஆராய்ச்சியை முன்பே சொல்லிவிட்டது என்று மார்தட்ட நாம் வரவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சு நம்மிடையே ஏற்கனவே மிகுதி. முன்பே சொல்லப்பட்டிருந்தும் நம் கடைகளில் அது ஏன் நடக்கவில்லை என்பதே நம் கவலை.

தமிழ்நாட்டில் கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் 2018இலேயே அத்தகைய திருத்தம் வந்துவிட்டது. காலை முதல் இரவு வரை ஒரு பெண் பிள்ளை ஜவுளிக் கடையில் நின்றபடியே இருக்கக் கூடாது என்பதை எடுத்துச் சொல்ல ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அக்கடைகளில் நம்மவர் கடைகளும் உண்டல்லவா? உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளர் அதன் சூட்டையும் புகையையும் தாங்கியவராதலால் அவரை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள், இயலாவிட்டால் ஒன்றிரண்டு கவளமேனும் கொடுங்கள் என்ற கருத்தில் எம்பெருமானார் (ஸல்) அவர்கள் திருவுளமானதை ஓதியவர்கள் நாம். சட்டத்துக்குப் பயந்து முக்காலி வந்துவிட்டது. அதில் உட்கார்ந்தவளை மேற்பார்வையாளர் பார்க்கும் பார்வை மாறவில்லையென்றால் அந்த முக்காலி மரக்கட்டைதான்.

அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் நாயகத் திருமேனிக்குப் பணிவிடை செய்தவர்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் ஒருமுறையும் தம்மைச் 'சீ' என்று சொன்னதில்லை, செய்ததை ஏன் செய்தாய் என்றோ செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். இதனைக் கேட்டதும் நம் முதலாளிமார், "அது நபிமார்களின் ஸப்ரு, நமக்கு ஆகுமா? இப்படி இருந்தால் கடை நடக்குமா?" என்பார்கள். அவர்களுக்காகவே முஸ்லிம் ஷரீஃபில் உள்ள ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். ஒருநாள் அண்ணலார் ஒரு வேலையாக அனஸை அனுப்புகிறார்கள். பிள்ளைப் பருவமல்லவா! போகமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டு, மனத்தில் போகும் எண்ணத்தோடு கிளம்பிய அனஸ், கடைத்தெருவில் சிறுவர்கள் விளையாடுவதைக் கண்டு நின்றுவிடுகிறார். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பற்றுகிறது. திரும்பினால் அண்ணலார், சிரித்த முகத்தோடு! பெயரைச் செல்லமாகச் சுருக்கி அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்கிறார்கள். இதோ போகிறேன் என்கிறார் அனஸ்.

வேலை கைவிடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். போக வேண்டிய இடத்துக்குப் போகச் சொன்னார்கள். மேற்பார்வையும் இருந்தது, நேரில் சென்று பார்த்தார்கள். இல்லாதது இழிவு ஒன்றுதான். முதுமையிலும் அந்த ஊழியக் காலத்தைச் சொல்லிச் சொல்லி அனஸ் (ரலி) அவர்கள் மகிழ்ந்தார்கள் என்றால், அந்த நேசம் எங்கிருந்து வந்தது?

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் வழக்கு அது. பத்ருப் போரில் கலந்துகொண்ட ஸஹாபியான ஹாத்திப் (ரலி) அவர்களின் அடிமைகள், முஸைனா கூட்டத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். வழக்கு உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. தண்டனைக்கு ஆணையிட்ட உமர் (ரலி) அவர்கள், பின்னர் எஜமானரை நோக்கி, நீர் இவர்களைப் பட்டினி போடுகிறீர் என்று எண்ணுகிறேன் என்றார்கள். ஒட்டகத்தின் விலை என்ன என்று உரியவரிடம் கேட்டார்கள். 400 திர்ஹம் என்றார். 800 திர்ஹம் கொடுக்கும்படி எஜமானருக்குத் தீர்ப்பாயிற்று. திருடியவன் கையை மட்டும் பாராமல், அவன் வயிற்றையும் பார்த்து, அந்த வயிற்றுக்குப் பொறுப்பானவரையும் பார்த்த நீதி அது. நம் கடையில் ஒரு பையன் கல்லாவில் கைவைத்தால் நாம் அவன் சட்டைப்பையைச் சோதிக்கிறோம். அவனுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் போகிறது என்று நம் கணக்குப் புத்தகத்தைச் சோதிப்பதில்லை.

அப்படியானால் தொழிலாளி என்ன செய்தாலும் பழி முதலாளிக்கா? அப்படிச் சொல்ல மாட்டோம். அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் 83ஆம் அத்தியாயம், வாங்கும்போது நிறைவாக வாங்கிக் கொடுக்கும்போது குறைப்பவர்களைச் சாடுகிறது. தராசு கடைக்காரரிடம் மட்டுமா இருக்கிறது? மாதச் சம்பளத்தை ஒரு காசு குறையாமல் எண்ணி வாங்கிக்கொண்டு, நேரத்தில் ஒரு மணியை ஒளித்துக்கொள்பவரிடமும் ஒரு தராசு இருக்கிறது. எட்டு ஆண்டு அமானத். முதலாளி கடுகடுப்பானவர் என்பதற்காக எட்டை ஏழாக்க ஹக் இல்லை. கேட்கலாம், வழக்காடலாம், கூட்டாகச் சேர்ந்து குரல் கொடுக்கலாம், விட்டுப் போகலாம். கூலியை ஏற்றுக்கொண்டே மறைவாகக் குறைப்பது கூடாது. ஆளை வேலைவாங்கிவிட்டுக் கூலியை மறுப்பவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதை நபிமொழியில் காண்கிறோம். அத்தகைய வழக்கறிஞன் இருக்கும்போது நாமே மறைவாகத் தீர்ப்பெழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். எட்டு ஆண்டை நிறைவாகக் கொடுத்து, இரண்டு ஆண்டைக் கொடுக்காதவர் குற்றவாளியல்லர். மார்க்கத்தின் பெயரால் நம் மேடைகளில் ஒரு தவறு நடக்கிறது. இஹ்ஸான் என்ற உயர்ந்த சொல்லை எடுத்து, முஃமினானவன் வேலையில் தன்னையே ஈய வேண்டும் என்று தொழிலாளிக்குப் பிரசங்கம் செய்கிறோம். அவ்வளவும் உண்மைதான். ஆயின் இஹ்ஸான் அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வில் அடியான் தானாகத் தருவது. முதலாளி ரசீது போட்டு வசூலிப்பதன்று. ஃபிக்ஹு நூல்கள் கூலியாளின் நேரத்தை அளந்திருக்கின்றன. மாதச் சம்பளக்காரன் குறித்த நேரத்தில் வந்து வேலைக்குத் தயாராக நின்றுவிட்டால், முதலாளி வேலை கொடுக்காவிட்டாலும் கூலி உண்டு என்று அவை எழுதுகின்றன. எவ்வளவு மனம் தந்தான் என்று அளக்க எந்த நூலிலும் ஒரு படி கிடையாது. அது மறதியால் விடுபட்டதன்று என்றே கருதுகிறோம்.

இதுவரை பிறர் கடையைப் பற்றிப் பேசினோம். இனி நம் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நாமும் இருந்தோம். மோதினார் இருபது ஆண்டுகளாக இருப்பவர். ஐந்து வக்துக்கும் பாங்கு, பள்ளியைப் பெருக்குவது, ஹவுளுக்கு நீர் நிரப்புவது இவைதாம் அவர் வேலை. இவற்றுக்குமேல் அவர் செய்துவந்தவற்றை நாம் வேலை என்றே நினைத்ததில்லை. மார்கழிப் பனியில் ஸுப்ஹுக்கு வரும் வயோதிகர்கள் உளூச் செய்ய, மூன்றரை மணிக்கே எழுந்து பள்ளித் தோப்பில் விழுந்த தென்னை மட்டைகளை எரித்து அண்டாவில் வெந்நீர் போட்டு வைப்பார். அடுத்த தெருவில் கண் தெரியாத பெரியவர் ஒருவரைப் பாங்குக்குமுன் போய்க் கைப்பிடித்து அழைத்து வருவார். ஊரில் ஒரு மையித்து என்றால் சந்தூக்கு அவ்வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் நமக்குச் செய்தியே தெரியும்.

புதிய குழு ஒழுங்கு கொண்டுவர விரும்பியது. தவறென்று சொல்ல மாட்டோம். வக்ஃபுச் சொத்தில் ஒரு பைசாவுக்கும் மறுமையில் கணக்கு உண்டு. ஒரு வருகைப் பதிவேடு வாங்கினோம். ஐந்து வக்துக்கும் மோதினார் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தாமதமானால் மாதக் கடைசியில் பிடித்தம். கைதூக்கியவர்களில் நாமும் ஒருவர். அதே கூட்டத்தில் தோப்பின் மட்டைகளை ஏலம் விடலாமே என்ற பேச்சு வந்தது. இத்தனை நாளும் மட்டை எங்கே போயிற்று என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் நின்றுகொண்டே பதில் சொன்னார். உட்காரச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

அவ்வாண்டு மார்கழியில் வெந்நீர் இல்லை. பாங்கு ஒரு நிமிடமும் தவறவில்லை. பள்ளியில் தூசி இல்லை. ஹவுளில் நீர் குறையவில்லை. பதிவேட்டில் கையெழுத்துக்கள் வரிசையாக நின்றன. பெரியவரை அவருடைய பேரன் சில நாள் அழைத்து வந்தான். பிறகு அவர் வீட்டிலேயே தொழுதுகொண்டார். "மோதினாருக்குத் திமிர் வந்துவிட்டது" என்று குழுவில் பேசிக்கொண்டோம். ஒருநாள் ஹவுளின் படியில் அவரைத் தனியே கண்டு, "என்ன மோதினார் பாய், இந்த வருஷம் வெந்நீர் இல்லையே?" என்று கேட்டோம்.

"அது புத்தகத்துல இல்லீங்களே, ஹாஜியார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்துத் தாமே தொடர்ந்தார்: "கணக்குக் கேட்டது தப்புன்னு சொல்லலை. பள்ளிச் சொத்து, கேக்கத்தான் வேணும். இருபது வருஷம் எரிச்சேன், நல்லாருக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்லை, நானும் எதிர்பார்க்கலை. ஆனா முதல் தடவையா அதைப் பத்திப் பேசினப்போ திருடன்கிட்ட கேக்குற மாதிரி கேட்டீங்க. இனிமே மட்டையைத் தொட்டா எனக்கே கை கூசுது."

நமக்கு மறுமொழி இல்லை. கேள்வி தவறன்று; கேட்ட விதம் தவறு. நீர் புகட்டியதற்குக் கூலி கொடுக்க ஆளனுப்பிய பெரியவர் எங்கே, வெந்நீர் வைத்தவரை நிறுத்திவைத்து மட்டைக்குக் கணக்குக் கேட்ட நாம் எங்கே! அவர் எட்டு ஆண்டைக் குறைக்கவில்லை. இரண்டு ஆண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ள அவருக்கு ஹக் இருந்தது. நாமோ அதற்குத் திமிர் என்று பெயர் சூட்டினோம்.

"இது அல்லாஹ்வின் வேலை, இதில் கூலிப் பேச்சென்ன, பாராட்டென்ன" என்று குழுவில் ஒருவர் சொன்னார். பாங்குக்குக் கூலி வாங்காதவரை மோதினாராக அமர்த்தும்படி நபிமொழி உண்டு. முற்கால ஹனஃபி இமாம்கள் இமாமத்துக்கும் பாங்குக்கும் கூலி கூடாது என்றே சொன்னார்கள். பைத்துல்மாலிலிருந்து அத்தகையோருக்குக் கிடைத்த ஆதரவு நின்றுபோய், பள்ளிகள் ஆளின்றிப் போகும் நிலை வந்தபோது, பிற்கால இமாம்கள் தேவை கருதி அதனை அனுமதித்தார்கள். பள்ளிவாசல் இமாம்களுக்கு ஊதியம் கிடைக்கச் செய்யும் பொறுப்பு வக்ஃபு வாரியங்களுக்கு உண்டென்று நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1993ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அல்லாஹ்வின் வேலை என்பது வேலை செய்கிறவர் தம் மனத்தில் சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை. கூலி கொடுக்க வேண்டியவர் வாயில் அது வந்தால் கொஞ்சம் ஐயுறத்தான் வேண்டியிருக்கிறது.

நாம் குழுவில் எழுந்து பேசினோம், காலந்தாழ்ந்துதான். பதிவேடு எடுக்கப்பட்டது. முத்தவல்லி நேரில் போய் வருத்தம் தெரிவித்தார். மோதினார் கைகொடுத்து முஸாஃபஹா செய்து, "அல்லாஹ் நம்ம எல்லாரையும் மன்னிப்பான்" என்றார். அடுத்த மார்கழியில் இரண்டு மூன்று நாள் அண்டாவுக்கடியில் நெருப்பு எரிந்தது, பிறகு இல்லை. அதற்கடுத்த ஆண்டு உடல் தளர்ந்து மகன் வீட்டோடு போய்விட்டார். பள்ளியில் இப்போது மின்சாரத்தில் வெந்நீர் வருகிறது. கண் தெரியாத அந்தப் பெரியவர் மவுத்தாகிவிட்டார்.

இப்போது புதிய மோதினார் ஒருவரை அமர்த்த வேண்டும். ஒப்பந்தக் காகிதம் எழுத உட்கார்ந்தோம். சம்பளம், சம்பளத் தேதி, தங்குமிடம், மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு என்று குழுவின் கடமைகளை முதலில் எழுத வேண்டும் என்றோம், எழுதினார்கள். பிறகு அவருடைய கடமைகள். பாங்கு, துப்புரவு, ஹவுளு. அங்கே நம் நண்பர் ஒருவர், "வயசானவங்களைக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டும்னு அதையும் சேர்த்து எழுதிடுவோம், முன்னே பட்ட பாடு போதும்" என்றார். எழுதினால் அது ஒன்பதாவது ஆண்டாகிவிடும் என்று நாம் சொல்ல, எழுதாவிட்டால் யார் செய்வார் என்று அவர் கேட்க, பேனா அந்த வரியிலேயே நின்றுவிட்டது. வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் மறுபடியும் கூடுகிறோம்.